கந்தை என்று சொல்லாதீர்கள்

கட்ட முடியாத பழைய புடவையை என்ன செய்வது? நம் ஊரில் வழக்கமாக மூன்று வழிகள். பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்குவது, கிழித்துத் தரை துடைப்பது, ஒன்றும் தோன்றாமல் பீரோவிலேயே வைத்திருப்பது. நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. வெட்டி, ஒட்டுப் போட்டு, போர்வையாகத் தைப்பது. மற்ற மூன்றையும்விட இதுவே நல்லது என்பது என் கட்சி. கட்டக்கூடிய நிலையில் இருக்கும் புடவையைத் தாராளமாகக் கட்டுபவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். நான் பேசுவது ஓரம் நைந்து, நடுவில் கிழிந்து, ஆனால் தூக்கிப் போட மனம் வராத புடவைகளைப் பற்றி.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அந்த மொழியில் இந்தப் போர்வைக்குக் 'கூர்த்புவேந்த்' என்று பெயர். ஆங்கிலத்தில் குவில்ட். மேலே ஒட்டுத்துணி, நடுவில் ஒரு துணி, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்து நெடுக நூலோட்டிவிட்டால் முடிந்தது. எங்கள் காலத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு உண்டு, பையன்களுக்குக் கிடையாது. ஆனால் அரசாங்க வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கோப்புகளைக் கோணி ஊசியால் தைத்தவன் நான். ஆண்பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று கேட்பவர்கள், தங்கள் சட்டையைத் தைத்த டெய்லர் யார் என்று நினைத்துப் பார்க்கலாம்.

நம்மவர்களுக்கு ஒட்டுப் போட்ட துணி என்றாலே ஏழ்மை. 'கந்தை' என்று முகம் சுளிப்போம். அந்தச் சொல் வடமொழியின் 'கந்தா'விலிருந்து வந்தது. அதே சொல்தான் வங்காளத்தில் 'காந்தா' ஆயிற்று. அங்கே பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே நடுவில் தாமரையும் மூலைகளில் மரமும் தைத்தார்கள். இன்று அது விலை உயர்ந்த கைவினை. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும் சித்திப் பெண்களும் பழந்துணியில் 'கவந்தி' தைக்கிறார்கள். நான்கு மூலையிலும் பூப்போல மடித்த துணி வைத்தால்தான் அவர்களுக்கு அந்தப் போர்வை முழுமை. பழந்துணி எல்லா ஊரிலும் பழந்துணிதான். அவர்களுக்குப் பெருமையாக இருப்பது நமக்கு மட்டும் ஏன் வெட்கமாக இருக்க வேண்டும்?

பார்க்கப் போனால் நமக்குத்தான் உரிமை அதிகம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏற்றி, கொடியும் பூவுமாக வரைந்த துணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. பிரான்சில் அவற்றை 'ஆந்தியேன்' என்றார்கள். மோகம் எவ்வளவு என்றால், உள்நாட்டு நெசவுத் தொழிலைக் காப்பாற்ற அந்நாட்டு அரசு 1686இல் அவற்றைத் தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது. அந்தத் தடைக் காலத்திலேயே, 1734 வாக்கில், பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி ஒருவர் நம் புதுச்சேரியில் இருந்துகொண்டு, சாயக்காரர்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் துணித்துண்டுகளோடு குறித்து வைத்தார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் இந்தத் துணியின் பூக்களைத் தனியே கத்தரித்துப் போர்வை மேல் வைத்துத் தைத்தார்கள். அந்தத் தையலுக்குப் பிற்காலத்தில் வந்த பெயர் 'ப்ரோதெரி பெர்ஸ்', அதாவது பாரசீகப் பூத்தையல்! பூ நம் கரையில் பூத்தது, பெயர் பாரசீகத்துக்குப் போனது.

என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி காலமாகி நான்கு வருடம் ஆகிறது. அவளுடைய பருத்திப் புடவைகள் பீரோவில் இருந்தன. அவற்றை வெட்டப் போகிறேன் என்றதும் என் அக்கா, "செத்தவ புடவையில கத்தரிக்கோல் வைக்கலாமா தம்பி?" என்று கேட்டாள். பாச்சை உருண்டை நடுவில் மடிப்பு மடிப்பாக இற்றுப் போவது மட்டும் மரியாதையா என்று நான் கேட்டேன். அக்கா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் நம்பிக்கை அவளுக்கு. நானும் என் மகளும் வெட்டினோம்.

எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதுதான் கஷ்டமான கேள்வி. இதற்கு நான் புத்தகம் தேடவில்லை, ஊசுட்டேரிக்குப் போனேன். அங்கே நீலத் தாழைக்கோழி என்று ஒரு பறவை. உடம்பெல்லாம் நீலமும் ஊதாவும். அலகும் நெற்றியும் சிவப்பு. சுற்றிலும் கோரையின் பச்சை, காய்ந்த தண்டின் பழுப்பு, தண்ணீரின் சாம்பல். தூரத்திலிருந்து கண்ணில் முதலில் படுவது அந்தச் சிவப்புதான். கொஞ்சமாக இருப்பதால்தான் படுகிறது. இயற்கையைப் பார்த்துத் தைப்பது என்றால் பறவையின் படத்தைத் துணியில் வரைய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். படம் வேண்டாம், அளவை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். எங்கள் போர்வையில் 315 சதுரங்கள். அவற்றில் சிவப்பு பன்னிரண்டே. நீலச் சுங்குடியும் சாம்பல் நிற மில் புடவையும் பெரும்பகுதி. ஒழுங்கு வரிசை இல்லாமல், சில இடங்களில் ஒரே நிறத்தை விரிந்து கிடக்க விட்டோம். இக்காலத்துப் பாணியும் இதுதான் என்கிறாள் மகள்.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பருத்தியோடு பருத்தியை மட்டும் சேருங்கள். பட்டு தனியாக இருக்கட்டும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் போகிறதா என்று முதலில் பாருங்கள். நைந்த பாகத்தைத் தள்ளி, முந்தானைப் பக்கம் உறுதியாக இருந்தால் அதை எடுங்கள். நாலரை அங்குலத்துக்கு வெட்டினால், நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக நான்கு அங்குலம் நிற்கும். குறுக்கே 15, நெடுக்கே 21 வைத்தால் ஐந்தடிக்கு ஏழடி. நம் வெயிலுக்கு நடுவில் பஞ்சு வேண்டாம், பழைய வேட்டி போதும். கடையில் இதைவிட மலிவாகப் பளபளப்பான போர்வை கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கும். அது பெரும்பாலும் பாலியெஸ்டர், வியர்வையை உறிஞ்சாது. மூன்று பெரிய பஞ்சாலைகள் ஓடிய ஊரில் பிறந்தவர்களுக்குப் பருத்தியின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

குமாஸ்தா புத்தி போகுமா? ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிவேடு போட்டிருக்கிறேன். வரிசை எண், புடவை, வாங்கிய வருடம், எந்த விசேஷத்துக்கு. பாதி விவரம் அக்காவும் மைத்துனியும் சொன்னது. வெட்டக் கூடாது என்ற அக்காவுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருந்தது! அந்தப் பதிவேடு இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகும், கை படும்போது இது சுங்குடி, இது மகள் கல்யாணத்துக்கு முன்தினம் கட்டியது என்று விரல் சொல்லிவிடுகிறது. பீரோவுக்குள் இருந்தவரை இது நடக்கவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு அம்மா நன்றாக இருக்கும்போதே இரண்டு பேருமாக பீரோவைத் திறந்து உட்காருங்கள். எந்தப் புடவை எந்த நாளில் கட்டியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று அவர்களே சொல்லட்டும். கத்தரிக்கோலையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள்.