படக்கருவி காணாத சிறுமி: ‘அடோலசென்ஸ்’ தொடரின் ஒளிப்பதிவு முறை குறித்து ஒரு கருத்துரை

முன்னுரை

தமிழ்த்துறைகளில் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி நிகழும் ஆய்வுகள் பெரும்பாலும் கதை, பாத்திரப்படைப்பு, பெண் சித்திரிப்பு என்னும் எல்லைக்குள்ளேயே அமைகின்றன. படக்கருவி எங்கு நின்றது, யாரைத் தொடர்ந்தது, எதைக் காணாது விட்டது என்னும் வினாக்கள் தொழில்நுட்பம் சார்ந்தவை என ஒதுக்கப்படுகின்றன. இவ்வொதுக்கல் ஏற்புடையதன்று. ஒரு பகுதியின் பொருளை வரையறுப்பதில் ஒளிப்பதிவு முறைக்கும் கதைக்கு நிகரான பங்குண்டு என்பதை, ‘அடோலசென்ஸ்’ (2025) என்னும் பிரித்தானியத் தொடரைச் சான்றாகக் கொண்டு இக்கருத்துரை முன்வைக்கிறது.

ஒற்றைக் காட்சித்துண்டு

ஜாக் தோர்னும் ஸ்டீபன் கிரஹாமும் எழுதி, பிலிப் பாரன்டினி இயக்கிய இத்தொடர் நான்கு பகுதிகளைக் கொண்டது. ஒளிப்பதிவாளர் மேத்யூ லூயிஸ். உடன்பயின்ற மாணவி கேட்டியைக் கொன்றதாக ஜேமி மில்லர் என்னும் 13 வயதுச் சிறுவன் கைதாவதில் கதை தொடங்குகிறது. ஒவ்வொரு பகுதியும் முதலிலிருந்து இறுதிவரை வெட்டின்றி ஒரே காட்சித்துண்டாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. பாரன்டினி ‘பாய்லிங் பாயிண்ட்’ (2021) திரைப்படத்திலேயே இம்முறையைக் கையாண்டவர்.

வெட்டு இல்லாத இடத்தில், படக்கருவி யாருடன் செல்வது என்பதே இயக்குநரின் தலையாய தெரிவாகிறது. முதற்பகுதியில், காவல் நிலையத்தில் ஜேமியின் உடல் சோதனையிடப்படும்போது படக்கருவி தந்தை எடியின் முகத்தில் நிலைகொள்கிறது. சிறுவனின் மானம் காக்கப்படுவதும் தந்தையின் கையறுநிலை புலப்படுவதும் ஒருசேர நிகழ்கின்றன. மூன்றாம் பகுதியின் பெரும்பகுதி, உளவியலாளர் பிரையனியும் ஜேமியும் ஓர் அறைக்குள் நிகழ்த்தும் உரையாடலாகும். ஜேமி வெளியே இழுத்துச் செல்லப்பட்ட பின்னர்ப் படக்கருவி அவனைப் பின்தொடரவில்லை. தனித்து நிலைகுலையும் பிரையனியுடன் தங்குகிறது. அவ்வுரையாடல் அவளிடம் விட்டுச்சென்ற அச்சத்தைச் சொல்லின்றி உணர்த்துவது இத்தங்கலே.

முறையின் விலை

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைக்கும். இத்தொடரின் ஒவ்வொரு பகுதியிலும் நிகழ்வின் பொழுதும் காண்போரின் பொழுதும் ஒன்றாகின்றன. அதனாலேயே, முன்னிகழ்ந்ததை நோக்கித் திரும்பும் வழி அடைபடுகிறது. கேட்டி நம்முன் உயிருடன் உலவுவதில்லை. முதற்பகுதியில் கண்காணிப்புப் படக்கருவியின் பதிவில் தோன்றி மறைகிறாள். இரண்டாம் பகுதியில், உலகம் ஜேமியையே நினைவில் கொள்ளும், அவளை மறந்துவிடும் எனக் காவல் அலுவலர் ஃபிராங்க் வருந்துகிறார். அப்பகுதியின் இறுதியில் படக்கருவி ட்ரோன் வழியே வானில் எழுந்து, ஊரைக் கடந்து, அவள் கொல்லப்பட்ட இடத்தில் இறங்குகிறது. ஆயின் அங்கும் நாம் காண்பது மலர் வைக்க வந்த எடியின் முகத்தையே.

சிறுவன்மீது கவனம் குவித்தது எழுத்தாளர்களின் தெரிவேயன்றி ஒளிப்பதிவின் விளைவன்று எனச் சிலர் மறுக்கலாம். தெரிவு எழுத்தில் தொடங்கியது உண்மையே. எனினும், வெட்டுக்கு இடமிருந்தால் ஒரு நினைவுக் காட்சியேனும் அவளுக்கு வாய்த்திருக்கக்கூடும். தேர்ந்துகொண்ட முறை அவ்வாயிலையும் மூடிவிட்டது. அவளது இன்மையைப் பாத்திரம் வாய்விட்டுக் கூறுகிறது. படக்கருவியால் அதனை ஈடுசெய்ய இயலவில்லை. இத்தொடரின் வலிமையும் குறையும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

நிறைவுரை

கதைச்சுருக்கத்தை மட்டும் கொண்டு இத்தொடரை ஆராய்வோர், கேட்டி குறைவாகப் பேசப்படுகிறாள் என்ற அளவில் நின்றுவிடுவர். அவ்வின்மை எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதைக் காணப் படக்கருவியின் வழித்தடத்தையும் ஒரு பனுவலாக வாசித்தல் வேண்டும். ஒவ்வொரு காட்சியிலும் படக்கருவி யாருடன் நிற்கிறது, யாரை விட்டு நீங்குகிறது எனக் குறித்துக்கொள்வதே அதற்கு முதற்படி. இதற்குக் கருவி எதுவும் வேண்டா; பாடலில் கூற்று யாருடையது, கேட்போர் யார் என வினவிப் பழகிய நம் பயிற்சியே போதும்.