குடும்பத்தைத் தாங்கும் கூலி

தொழிலாளி கேட்பது இரக்கமா, உரிமையா? செல்வ வளத்திற்குப் பெயர்பெற்ற அமெரிக்க நாட்டிலேயே இக்கேள்வி நூறாண்டுகளுக்கும் மேலாக எழுந்து வருகிறது. அதற்கு விடை கண்டவர்களுள் திருச்சபையின் மக்களும் இருந்தனர் என்பதை இம்மாதம் நினைவுகூர விழைகிறோம்.

1886-ஆம் ஆண்டில் 'நைட்ஸ் ஆப் லேபர்' என்னும் தொழிலாளர் சங்கத்தில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் இருந்தனர். அவர்களுள் கத்தோலிக்கர் மிகப் பலர். தலைவர் டெரன்ஸ் பவுடர்லியும் கத்தோலிக்கரே. இரகசியச் சங்கமோ என்ற ஐயத்தால் கனடாவில் அது கண்டனத்திற்கு உள்ளாகியிருந்தது. பால்டிமோர் பேராயர் கர்தினால் கிப்பன்ஸ் 1887-இல் உரோமையில் அதன் பொருட்டு வாதாடி, அக்கண்டனம் தம் நாட்டிற்கும் பரவாதபடி காத்தார். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில், சங்கம் சேரும் உரிமையையும் நியாயக் கூலியையும் உலகறிய வலியுறுத்தினார்.

இப்படிப்பினையைக் கணக்கிட்டுக் காட்டியவர் மின்னசோட்டா மாநிலத்து உழவர் குடும்பத்தில் பிறந்த குருவானவர் ஜான் ரையன். ஒரு குடும்பம் மானத்தோடு வாழ ஆண்டிற்கு 600 டாலராவது வேண்டும் என்று 1906-இல் வெளியிட்ட தம் நூலில் அவர் கணித்தார். மனைவி மக்களைக் காக்கப் போதாத கூலிக்குப் பசியின் கொடுமையால் தொழிலாளி இசைந்தாலும், அது நீதியாகாது என்பதே அவர் வாதம். 1919-இல் அமெரிக்க ஆயர்களின் பெயரால் வெளிவந்த சமூகச் சீரமைப்புத் திட்டத்தை வரைந்தவரும் அவரே. குறைந்தபட்சக் கூலியும், நோய், முதுமை, வேலையின்மை ஆகியவற்றிற்குக் காப்பீடும் அதில் கோரப்பட்டன. 1938-இல் மணிக்கு 25 சென்ட் கூலி நாடு தழுவிய சட்டமாயிற்று.

ஆயினும் அச்சட்டத்தின் நிழல் எல்லார்மீதும் படவில்லை. வயலில் உழைப்போரும் வீட்டு வேலையாள்களும் விலக்கப்பட்டனர். தென் மாநிலக் கறுப்பின மக்களில் மிகப் பலர் இவ்விரு வேலைகளையே நம்பியிருந்தனர். எவருக்குப் பாதுகாப்பு மிகுதியாகத் தேவையோ, அவர்களே வாயிலுக்கு வெளியே நின்றனர். பண்ணைத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் 1966-இலும், வீட்டு வேலையாள்களில் பெரும்பாலோர் 1974-இலும்தான் உள்ளே அழைக்கப்பட்டனர்.

2009-இல் நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலராக உயர்ந்தது. பல மாநிலங்கள் இதனினும் மிகுதியாக விதித்துள்ளன என்பது உண்மையே. ஆனால் இத்தொகையை மட்டும் பெறுபவர், வாரம் 40 மணி வீதம் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் 15,080 டாலரே ஈட்டுவார். நால்வர் கொண்ட குடும்பத்திற்கு 2024-இல் அந்நாட்டு அரசே வகுத்த வறுமைக் கோடு 31,200 டாலர்! ரையன் அடிகளார் எழுப்பிய வினா இன்னும் உயிரோடிருக்கிறது அன்றோ?

தருமம் கொடுப்பது நன்று. கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது அதற்கு முந்திய கடமை. நம் இல்லத்தில் பாத்திரம் துலக்குபவருக்கும் துணி வெளுப்பவருக்கும் திருநாளன்று புடவை வழங்கி மகிழ்கிறோம். அவருடைய மாதக் கூலி அவர்தம் குழந்தைகளின் பசியாற்றப் போதுமா என்பதையும், குடும்பமாகக் கூடிச் செபிக்கும் நேரத்தில் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.