மித்திக்குக் கொடுப்போம், கணக்குக் கேட்டுக் கொடுப்போம்

மித்தி நதியைச் சுத்தம் செய்ய வீட்டுக்கு நூறு ரூபாய் நன்கொடை கேட்டு நம் தாராவிச் சந்துகளுக்கு ஆள் வந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பும் வேண்டுமாம். வந்தவர்கள் படித்த பிள்ளைகள், நல்ல எண்ணத்தோடுதான் வந்திருக்கிறார்கள். "கொடுக்கலாமா?" என்று சங்கத்தில் பலரும் கேட்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால் எதற்கு, யார் கையில், எந்தக் கணக்கில் என்று கேட்ட பிறகு கொடுப்போம்.

தாமிரபரணியில் குளித்து வளர்ந்த திருநெல்வேலிக்காரனுக்கு இதை நதி என்று சொல்ல வாய் வராது. நம் குழந்தைகளுக்கு இது வெறும் நாலா. ஆனால் விகார், பொவாய் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீரில் பிறந்து, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு மாஹிமில் கடலைச் சேரும் நதிதான் இது. விமான நிலையத்துக்காக அதன் போக்கை வளைத்தார்கள். அக்கரைச் சதுப்பில் மண்ணடித்து பாந்திரா-குர்லா வளாகத்தை எழுப்பினார்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. போக இடமில்லாத தண்ணீர் எங்கே போயிற்று என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு மண்ணடித்து எழுந்த மாடிகள் அப்படியே நின்றன. இடிபட்டவை கரையோரக் குடிசைகள்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு அதே ஆண்டில் மித்திக்கென்று தனி ஆணையமே அமைத்தார்கள். நதியில் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் மாநகராட்சியின் பொறுப்பு, 6 கிலோமீட்டர் எம்.எம்.ஆர்.டி.ஏ.யின் பொறுப்பு. வருஷா வருஷம் மழைக்கு முன் தூர் வாருகிறார்கள். அந்தத் தூர் வாரும் வேலையில் 65 கோடி ரூபாய்க்கு மேல் மோசடி நடந்ததாக 2025 மே மாதம் மும்பை போலீசின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. வாரிய சேற்றைக் கொட்டியதாகக் காட்டிய நிலங்களின் ஒப்பந்தக் காகிதங்களே பொய் என்பதும் குற்றச்சாட்டு. உண்மையைக் கோர்ட்டு சொல்லட்டும். ரயில்வேயில் ஒரு மூட்டை பார்சல் அனுப்பினாலும் எடை போட்டு, ரசீது எழுதி, இறங்கும் இடத்தில் கையெழுத்து வாங்குகிறோம். லாரி லாரியாகப் போகும் சேற்றுக்கு அந்த ஒழுங்கைக் கேட்பது பெரிய ஆசையா?

வாரிய சேறு மறுவருஷம் ஏன் திரும்பி வருகிறது? கடல் ஏற்றத்தில் கொஞ்சம் வருகிறது. மற்றது கரை நெடுகச் சாக்கடையும் குப்பையும் நேரே நதியில் விழுவதால் வருகிறது. தூர் வாருவது வருஷந்தோறும் வரும் செலவு. சாக்கடைக் குழாய் போடுவது பெரும்பாலும் ஒருமுறைச் செலவு. காண்டிராக்டருக்கு எது பிடிக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ! நம் கையும் சுத்தமில்லை. பழைய பிளாஸ்டிக் கழுவிய தண்ணீரும், எண்ணெய் டிரம் கழுவிய தண்ணீரும் எங்கே போகின்றன? நம் ஆட்களின் பட்டறைகளும் அதில் உண்டு.

பஞ்சாபில் காளி பேயின் என்று 160 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு நதி. சாக்கடையாகிக் கிடந்த அதை 2000-ஆம் ஆண்டில் பல்பீர் சிங் சீச்சேவால் என்ற சாமியார் தலைமையில் கிராமத்து ஜனங்களே இறங்கித் தோண்டினார்கள். மண்வெட்டி அவர்களுடையது, சோறு லங்கரில். ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை, வருஷக்கணக்கில் உழைத்தார்கள். ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரித்து வயலுக்குத் திருப்பவும் வழி செய்தார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது அவர்கள் சொந்த ஊர். நதி அழகானதும் 'நீ ஆக்கிரமிப்பாளன், எழுந்திரு' என்று அவர்களிடம் சொல்வார் இல்லை.

நம்மிடம் சொல்வார்கள். அதனால்தான் வந்த பிள்ளைகளிடம், "தம்பி, உங்கள் திட்டப் படத்தில் எங்கள் சந்து கரைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?" என்று கேட்டோம். படம் இன்னும் தயாராகவில்லை என்றார்கள். படம் வரட்டும். எந்தக் கோட்டுக்குள் எத்தனை வீடு, அவர்களுக்கு மாற்று வீடு எங்கே, எப்போது என்பது அதில் எழுதியிருக்க வேண்டும். தமிழிலும் இருக்க வேண்டும். அதுவரை பெரிய நிதிக்கு நம் பணம் ஒரு பைசா போகக்கூடாது என்பது எங்கள் அபிப்பிராயம்.

அதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. அதே நூறு ரூபாயை நம் சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கில் போடுவோம். மாதம் ஒருமுறை வரவு செலவை விவரமாக எழுதி வாசலில் ஒட்டுவோம். நம் சந்துச் சாக்கடைகள் நதியில் விழும் வாய்களில் கம்பிவலை போடவும், தேங்கும் குப்பையை எடுக்க ஒரு தள்ளுவண்டி வாங்கவும் அது உதவும். ஏப்ரல், மே மாதங்களில் தூர் வாரும்போது இரண்டு பேர் முறைவைத்துக் கரையில் நின்று, ஒவ்வொரு லாரியின் நம்பரையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். மாநகராட்சியின் பில்லைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி அந்த நோட்டோடு ஒத்துப் பார்ப்போம். பட்டறைக்காரர்களிடம் பேசும் வேலையும் நம்முடையதுதான். வெளியார் சொன்னால் அவர்கள் கேட்க மாட்டார்கள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இதைப் பேசி முடிவெடுக்கிறோம். தாய்மார்கள் அவசியம் வரவேண்டும். தண்ணீர் புகுந்தால் முதலில் அரிசிப் பானையைத் தூக்கிப் பரணில் வைப்பவர்கள் அவர்கள்தாம். லாரி நோட்டை எழுத விரும்புகிறவர்கள் அன்றே பெயர் கொடுக்கலாம்.