எடுத்துக்காட்டை வெட்டாதீர்கள்

போலிஷ் மொழி மன்றம் 2024 மே மாதம் அறிவித்த எழுத்துமுறை மாற்றங்கள் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆங்கில–போலிஷ் அகராதிகளில் வேலை செய்பவர்கள் அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று இனித் தள்ளிப்போட முடியாது. இணைய அகராதிக்கு ‘அடுத்த பதிப்பு’ என்று ஒன்று கிடையாது.

மாற்றங்களை இந்த இதழ் ஏற்கிறது. எழுத்துமுறையை வகுக்கும் அதிகாரத்தை 1999ஆம் ஆண்டு மொழிச் சட்டம் மன்றத்திடம்தான் கொடுத்திருக்கிறது. சில மாற்றங்கள் எப்போதோ வந்திருக்க வேண்டியவை. நாட்டினத்தார் பெயருக்குப் பெரிய எழுத்து, வார்சாக்காரருக்கு மட்டும் சிறிய எழுத்து என்றிருந்த வித்தியாசத்துக்கு உருப்படியான காரணம் எதையும் நான் கேட்டதில்லை. பரிசு, வால்மீன், பூங்கா, பாலம் ஆகியவற்றின் பெயர்களில் வந்திருக்கும் பெரிய எழுத்தைத் தேடித் திருத்துவதும் பெரிய வேலையில்லை.

சிக்கல் வேறிடத்தில். எழுத்துமுறை இதுவரை சுமந்துவந்த பொருள் வேறுபாடுகள் சிலவற்றை மன்றம் இறக்கி வைத்திருக்கிறது. இறக்கியதை யார் தூக்குவது?

‘நியெபலோன்த்ஸி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1997க்கு முன் சேர்த்தெழுதினால் புகைப்பழக்கம் இல்லாதவர். ‘நியெ’ தனியே நின்றால் அந்த நேரத்தில் புகைக்காதவர். 1997இல் மன்றம் சேர்த்தே எழுதச் சொன்னது. வேறுபாடு காட்ட விரும்பித் தெரிந்தே பிரித்தெழுதுவோருக்கு மட்டும் ஒரு சந்து விட்டிருந்தது. இப்போது அந்தச் சந்தும் அடைபட்டது. ‘நான்-ஸ்மோக்கர்’ என்ற தலைச்சொல்லுக்கு நிகரன் கொடுப்பதில் தொல்லையில்லை. ஆனால் அறையில் அப்போது புகைத்துக்கொண்டிராத ஒருவரைப் பற்றிய ஆங்கில வாக்கியத்தைப் பெயர்ப்பவருக்கு அந்த ஒற்றைச் சொல் போதாது. ‘க்துரி நியெ பாலி’ என்று துணைவாக்கியமாக விரிப்பதே பாதுகாப்பு. இதை நிகரனால் சொல்ல முடியாது. எடுத்துக்காட்டு வாக்கியம்தான் சொல்லும்.

‘ஷெக்ஸ்பிரோவ்ஸ்கி’யின் கதையும் அதுதான். ஷேக்ஸ்பியரே எழுதிய நாடகம் என்றால் பெரிய எழுத்து, அவர் பாணி நாடகம் என்றால் சிறிய எழுத்து என்பது பழைய விதி. இனி இரண்டுக்கும் சிறிய எழுத்துதான். ஃபோர்ட் நிறுவனம் பெரிய எழுத்திலும் தெருவில் நிற்கும் ஃபோர்ட் கார் சிறிய எழுத்திலும் இருந்தன. இப்போது காருக்கும் பெரிய எழுத்து. ஆங்கிலத்துக்கு அருகில் வந்திருக்கிறது என்று மகிழ்பவர்கள் மகிழட்டும். ரோவர் என்ற மிதிவண்டிப் பெயர் ‘ரோவெர்’ என்று எந்த மிதிவண்டிக்கும் பொதுப்பெயராகிவிட்ட மொழி இது. வணிகப்பெயர் எந்தக் கட்டத்தில் பொதுப்பெயராகிறது என்பதை விதி ஒருநாளும் சொல்லப்போவதில்லை. வழக்கைக் காட்டும் வாக்கியம் சொல்லும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ச்சி’யோடு ஒட்டியிருந்த ‘பி’ பிரிந்துவிட்டது. ‘நய்லெப்ஷி’ போன்ற உயர்வுப்படி வடிவங்களோடு ‘நியெ’ ஒட்டிக்கொண்டது. இவற்றில் எதற்காவது நம் அகராதிகளில் தனிப் பதிவு உண்டா? கிடையாது. இரண்டும் எடுத்துக்காட்டுகளுக்குள் மட்டுமே நடமாடுகிற வடிவங்கள். தலைச்சொல் பட்டியலையும் நிகரன்களையும் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று கணக்கு காட்டுகிற பதிப்பகம், திருத்தத்தின் கடினமான பாதியைத் தொடவே இல்லை என்று பொருள்.

தொடாமல் விட்டாலும் பரவாயில்லை. எனக்கிருக்கும் அச்சம் வேறு: வெட்டிவிடுவார்கள். ஒரு வாக்கியத்தில் ‘பி’ இருந்தால் அது துகளா, ‘ஜெபி’யில் இருப்பதுபோல் சொல்லின் உறுப்பா என்று ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டும். படிக்கிற ஆளுக்குக் கூலி உண்டு. நீக்குகிற பொத்தானுக்குக் கூலி இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பதிப்பகத்தில், முந்தைய திருத்தம் ஒன்றின்போது, ‘ஐயத்துக்குரிய’ எடுத்துக்காட்டுகள் என்று ஒரு பட்டியல் போட்டு மொத்தமாக எடுத்தார்கள். என்ன ஐயம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் இதை நான் சொல்வது முதல்முறையல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஸ்தனிஸ்வாவ்ஸ்கியின் 1964ஆம் ஆண்டுப் பேரகராதி நிகரன்களை அடுக்கித் தந்தது. எதை எங்கே எடுப்பது என்பது பயனர் பாடு. 2002இல் பேவுஎன்–ஆக்ஸ்ஃபோர்ட் வந்தபோது, இனி அந்தக் காலம் போயிற்று என்று நம்பினோம். நிகர்மை பல வகைப்படும், அதில் ஒரு வகை குறிப்பிட்ட சூழலுக்குள் மட்டுமே உயிரோடிருக்கும் என்று போஸ்னானிலிருந்து அர்லெதா அடாம்ஸ்கா-சவாச்சியாக் தெளிவாக எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் வாங்குபவர் போலிஷ்காரர், அவர் மொழி அவருக்குத் தெரியாதா என்று சொல்லியே ‘யூஸ்’ என்பதற்கு நேரே வேற்றுமை காட்டாத ‘உஜிவச்’சும், ‘கோ’வுக்கு நேரே நடப்பதா வண்டியில் போவதா என்று காட்டாத நிகரன்களும் நிற்கின்றன. அந்தச் சமாதானம் இப்போது செல்லாது. போலிஷ்காரரின் சொந்த எழுத்துமுறையே வேறுபாட்டைக் காட்டாதபோது அவருக்கும் வாக்கியம் வேண்டும்.

மன்றத்திடமும் ஒரு கேள்வி. ‘மினி’, ‘சூப்பர்’ போன்றவற்றைச் சேர்த்தும் எழுதலாம், பிரித்தும் எழுதலாம் என்று அனுமதித்திருக்கிறீர்கள். பெருந்தன்மைதான். ஆனால் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே அகராதிக்காரர் ஒன்றை முதலில் அச்சிட்டாக வேண்டும். வழக்கைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால் எந்த வழக்கை? தேசியத் தரவகத்தின் சமநிலைப் பகுதியில் 30 கோடிச் சொற்கள் இருக்கின்றன. அவற்றில் அச்சேறியவை பழைய விதிப்படி மெய்ப்புத் திருத்துபவர் கைபட்டுச் சேர்ந்தவை. புதிய சுதந்திரத்துக்குச் சான்று இன்னும் எழுதப்படவே இல்லை. ‘இரண்டும் சரி’ என்று சொல்வது விதிப்பவருக்கு ஒரு வரி. நமக்கு ஆயிரக்கணக்கான பதிவுகளில் ஆயிரக்கணக்கான முடிவுகள். அதற்கான நேரத்தையும் பணத்தையும் பற்றி எந்த அதிகார அமைப்பும் எந்த மொழியிலும் பேசி நான் பார்த்ததில்லை. விதியை மாற்றுவது கௌரவம், அதை ஒவ்வொரு வரியாக நடைமுறைப்படுத்துவது எடுபிடி வேலை என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது.

ஆகவே ஒரு நடைமுறை முடிவு. அடுத்த இதழிலிருந்து, மதிப்புரைக்கு வரும் ஒவ்வொரு ஆங்கில–போலிஷ் அகராதியிலும் நம் மதிப்புரையாளர்கள் தலைச்சொல் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் எடுத்துக்காட்டுகளைப் பார்ப்பார்கள். மேலே சொன்ன இடங்களில் வாக்கியங்கள் திருத்தப்பட்டிருக்கின்றனவா, காணாமல் போயிருக்கின்றனவா என்று பழைய பதிப்போடு ஒப்பிட்டு எழுதுவார்கள். பதிப்பகங்கள் புதியதை மட்டும் அனுப்பினால் போதும். பழையது எங்களிடம் இருக்கிறது.