மிஷின் பொய் சொல்லாதாம்

எங்கட கராஜுகளில் "ஸ்கான் பண்ணிப் பாத்திட்டம்" என்று சொல்லி நடக்கிற வேலையில் நான் பார்த்த அளவுக்குப் பாதிக்கு மேல் பழுது கண்டுபிடித்தல் அல்ல. ஒரு எண்ணை வாசித்துக் காட்டி, அந்த எண்ணின் பெயரால் ஒரு பாகத்தை விற்கிற வேலை அது. திரையில் இங்கிலிசில் நாலு சொல் விழும். "இதைத்தான் மாத்த வேணும்" என்று தீர்ப்பு வரும். ஏன் என்று கேட்டால், "தங்கச்சி, நான் சொல்லேல்ல, மிஷின் சொல்லுது. மிஷின் பொய் சொல்லாது" என்று பதில் வரும். இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன கதை என்று கேட்பீர்கள். எங்களுக்கு முதலாம் வருடத்தில் சொல்லித்தந்த பாடமே இதுதான்: கல்வெட்டில் இருக்கிற எழுத்தை வாசிப்பது ஒன்று, அதிலிருந்து என்ன நடந்தது என்று முடிவெடுப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு வேறு சான்றுகள் வேணும். ஸ்கானர் தருகிற எண்ணும் ஒரு கல்வெட்டு மாதிரித்தான்.

அந்த மிஷின் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை உள்ள ஒரு சொக்கற் இருக்கும். அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாடலில் இருந்து எல்லாக் கார்களிலும் இது கட்டாயம் ஆனது. கராஜ்காரருக்கு உதவி செய்ய வேணும் என்பதைவிட, காற்று மாசைக் கட்டுப்படுத்த வேணும் என்பதற்காகவே அந்தச் சட்டம் வந்தது. புகை அளவு மிஞ்சக்கூடிய ஏதாவது நடந்தால் வாகனத்தின் கொம்பியூட்டர் அதைக் கண்டு, டாஷ்போர்டில் மஞ்சள் லைற்றைப் போட்டு, ஒரு எண்ணைப் பதிந்துவைக்கும். அந்த எண் சொல்வது "இந்த அளவீடு எல்லை தாண்டிவிட்டது" என்பதை மட்டும்தான். எந்தப் பாகம் பழுது என்று பெரும்பாலும் அது சொல்வதில்லை.

உதாரணம் பி0171. எஞ்சினுக்குள் போகிற கலவையில் காற்று கூட, பெற்றோல் குறைய என்பது அதன் பொருள். அந்தச் செய்தியைக் கொண்டுவருவது சைலன்சர் குழாயில் இருக்கிற ஒட்சிசன் சென்சர். காரணம் வெடித்த ரப்பர் ஹோஸாக இருக்கலாம், அடைபட்ட பெற்றோல் பில்ரராக இருக்கலாம், களைத்துப்போன பம்பாக இருக்கலாம். ஆனால் எங்கட ஊரில் முதலில் மாற்றப்படுவது ஒட்சிசன் சென்சர்தான். வீடு பத்துது என்று கத்தினவனைக் கலைத்துவிட்டால் நெருப்பு அணையுமோ?

இது எனக்குப் புத்தகத்தில் வந்த கோபம் இல்லை. அப்பா ஸ்கூல் வான் ஓடுகிறவர். போன வருடம் வானில் மஞ்சள் லைற் வந்தது, நிறுத்தி வைத்தால் எஞ்சின் தடுமாறியது. ஒரு கராஜில் ஸ்கான் பண்ணி பி0171 என்று சொல்லி ஒட்சிசன் சென்சரை மாற்றினார்கள். நாலாம் நாள் லைற் திரும்ப வந்தது. அதே இடத்தில் திரும்ப ஸ்கான், திரும்ப ஸ்கான் காசு, இந்தமுறை பிளக்கும் கொயிலும். ஒரு கிழமையில் திரும்பவும் லைற். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்விட முடியாத நாட்களுக்கு அப்பா தாய்தகப்பன்மாரிடம் காசு கேட்க முடியாது. ஒரு வீட்டில் பிள்ளையை வேறு வானுக்கு மாற்றிவிட்டார்கள்.

கடைசியில் வேறொரு ஒழுங்கையில் இருக்கிற ஒரு அண்ணை பார்த்தார். அவரிடமும் ஸ்கானர் இருந்தது. ஆனால் அவர் எண்ணோடு நிற்காமல், எஞ்சின் ஓடும்போது மாறிக்கொண்டிருக்கிற அளவுகளைத் திறந்து பார்த்தார். எஞ்சின் மெதுவாக ஓடும்போது கொம்பியூட்டர் அளவுக்கு மிஞ்சிப் பெற்றோலைக் கூட்டிக்கொண்டிருந்தது. அக்சிலேற்றரை மிதித்தால் அந்தக் கூட்டல் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. "பம்ப் பழுதெண்டால் மிதிக்க மிதிக்கத்தான் கூடும். இது மறுவளம். எங்கயோ காத்து உள்ள இழுக்குது" என்றார். கிளீனர் ஸ்பிரேயை ஹோஸ்கள் மேல் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டு போக, ஒரு இடத்தில் எஞ்சின் சத்தம் மாறியது. ஒரு சாண்கூட இல்லாத ரப்பர் ஹோஸ், அடியில் வெடித்திருந்தது. சில நூறு ரூபாய்ச் சாமான்.

கவனியுங்கள், முதல் கராஜில் இருந்த மிஷினும் இதே அளவுகளைக் காட்டியிருக்கும். காட்டினதை ஒருவரும் வாசிக்கவில்லை. அதனால் "அந்தக் காலத்து மேத்திரிமார் காதால கேட்டே சொல்லிப்போடுவினம், இந்த மிஷினெல்லாம் ஏமாத்து" என்கிற கதையையும் நான் ஏற்கமாட்டேன். இன்றைய எஞ்சினைக் காதால் மட்டும் கேட்டுச் சொல்ல ஏலாது. ஸ்கானர் வேணும். அதை வாசிக்கத் தெரிந்த மூளையும் வேணும்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று இருக்கிறது: எண்ணை அழித்துவிடுவது. ஒரு பொத்தானை அமத்தினால் மஞ்சள் லைற் போய்விடும். "சரி, கிளியர் பண்ணியாச்சு" என்பார்கள். பழுது அப்படியே இருக்கும். பழுது பதிவான நேரம் எஞ்சின் என்ன வெப்பத்தில், என்ன வேகத்தில், என்ன சுமையில் ஓடியது என்று கொம்பியூட்டர் எடுத்துவைத்த பதிவும் எண்ணோடு சேர்ந்து அழிந்துபோகும். அடுத்து வந்து பார்க்கிற மெக்கானிக்குக்குச் சான்றே இல்லை. ஆவணத்தைக் கொளுத்திவிட்டு வரலாறு சரியாகிவிட்டது என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான்.

ஹைபிரிட் காருக்கு வந்தால் விளையாட்டு இலட்சங்களில். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே ரோட்டில் ஓடுகிற அக்குவா, பிரியஸ் பலதுக்கும் பத்து வயது தாண்டிவிட்டது. அவற்றில் பி0ஏ80 என்ற எண் வரும். அதன் அதிகாரபூர்வப் பெயரே "ஹைபிரிட் பற்றறித் தொகுதியை மாற்று" என்பதுதான். திரையில் இப்படி விழுந்தால் ஹயர் ஓடுகிற மனிசன் என்ன செய்வார்? கடன் எடுப்பார். ஆனால் பிரியஸின் பற்றறி ஒரே துண்டு இல்லை. 28 தனித்தனி மொடியூல்கள் கோர்த்த மாலை அது. அவற்றுக்கிடையே வோல்ற்றேஜ் வித்தியாசம் மிஞ்சினாலே இந்த எண் வந்துவிடும். ஒரு மொடியூல் மட்டும் செத்திருக்கலாம், இணைப்புத் தகடுகளில் பாசி பிடித்திருக்கலாம், பற்றறியைக் குளிராக்குகிற விசிறி தூசியால் அடைபட்டு ஒரு பகுதி மட்டும் சூடேறிக் கெட்டிருக்கலாம். முழுப் பற்றறியும் முடிந்துமிருக்கலாம். எது என்று அளந்து பார்த்துத்தான் சொல்ல வேணும். அளக்காமல் "மாத்துங்கோ" என்பது ஊகம்.

அப்ப கராஜ்காரர் எல்லாரும் கள்ளரோ? இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெயில் மொரிஸ் மைனரையும் ஏ40ஐயும் ஓடவைத்தவர்கள் எங்கட மெக்கானிக்மார். அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அறிவுக்குக் கூலி குடுக்க எங்களுக்கு மனமில்லை. இரண்டு மணித்தியாலம் குனிந்து தேடிக் கண்டுபிடித்த ஆளிடம், "ஒரு ஹோஸ் மாத்தினதுக்கு இவ்வளவோ?" என்று பேரம் பேசுகிறோம். சென்சர் மாற்றினால் மட்டும் பேசாமல் குடுக்கிறோம், கையில் ஒரு சாமான் கிடைக்கிறதே. தேடுகிறதுக்குக் காசு இல்லை, மாற்றுகிறதுக்குக் காசு இருக்கு என்றால் மெக்கானிக் எதைச் செய்வார்?

வாகனம் செய்கிற கம்பனிகளும் சும்மா இல்லை. பழுதுபார்க்கும் கையேடுகளும் முழு ஸ்கான் மென்பொருளும் அவர்களின் பூட்டுக்குள். அமெரிக்காவின் மசாசூசெட்சில் மக்கள் 2012 இலும் 2020 இலும் வாக்களித்து, இந்தத் தகவல்களை வெளிக் கராஜுகளுக்கும் குடுக்க வேணும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே அப்படி ஒரு பேச்சே இல்லை. கிடைக்கிற கொஞ்சத் தகவலும் இங்கிலிசிலோ ஜப்பானிலோதான். தமிழில் தொழில் படிக்கிற பெடியன் யூடியூப்பைப் பார்த்துத்தான் எஞ்சின் கொம்பியூட்டரைப் படிக்கிறான். தொழிற்பயிற்சி நிறுவனங்கள் இந்த எண்களையும் அளவுகளையும் வாசிக்கிற முறையைத் தமிழில் ஒரு கைநூலாகப் போடலாம். எங்கட பீடத்தில் மொழிபெயர்ப்புப் படிக்கிறவர்களும் இதில் கை குடுக்கலாம். கவிதை மட்டும்தான் மொழிபெயர்க்க வேணும் என்று இல்லை.

கைநூல் வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்தமுறை கராஜுக்குப் போகும்போது நாலு விசயம் கேளுங்கள். ஒன்று, வந்த எண்ணை எழுதித் தாங்கோ, அல்லது திரையைப் படம் எடுக்க விடுங்கோ. இரண்டு, நான் பார்க்கும் வரைக்கும் அழிக்காதேங்கோ. மூன்று, இந்தப் பாகம்தான் பழுது என்று எதை அளந்து முடிவெடுத்தீங்கள்? நாலு, கழற்றின பழைய சாமானைத் தாங்கோ. இந்த நாலுக்கும் பதில் சொல்கிற இடத்தில் தேடுகிற கூலியைப் பேரம் பேசாமல் குடுங்கள். பதில் சொல்லாத இடத்தில் பில்லாவது வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமில்லை, சேவைக்கும் பொருந்தும். முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கு. கையில் பில் இல்லாமல் போனால் அங்கேயும் கதை எடுபடாது.

"மிஷின் பொய் சொல்லாது" என்று யாராவது திரும்பச் சொன்னால், சரி அண்ணை, மிஷின் சொன்னது எனக்கு விளங்கிச்சு, நீங்கள் என்ன பாத்தனீங்கள் என்று கேளுங்கள்.