மீள வாராக் கோலம்

வீட்டுத் தரையிற் பதித்த சதுர ஓடுகளை உற்று நோக்குக. ஒரு மூலையைக் கண்டவன் தரை முழுவதையும் கண்டவனாவான். அடுத்து வருவது யாதெனக் கண்ணை மூடிக்கொண்டே கூறிவிடுவான். ஆயின், தரையை இடைவெளியின்றி நிரப்பவும் வேண்டும். எவ்வாறு அடுக்கினும் ஒரே கோலம் வரிசையாய்த் திரும்பத் திரும்ப வரவும் கூடாது. அத்தகைய ஓடுகள் உளவோ?

உள என 1966ஆம் ஆண்டில் றொபேட் பேகர் என்னும் கணித அறிஞர் நிறுவினார். அவருக்கு வேண்டியிருந்தவை 20,426 வகை ஓடுகள்! 1970களில் இங்கிலாந்தின் றொஜர் பென்றோஸ் அத்தொகையை இரண்டாகக் குறைத்தார். ஒரு வகையே போதுமா என்னும் வினா மட்டும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் விடையின்றி நின்றது.

விடைக்கு வழிகாட்டியவர் பேராசிரியரல்லர். அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்று யோக்சயரில் வாழும் டேவிட் சிமித் என்பவர். கணினித் திரையில் உருவங்களைப் பொருத்திப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. 2022ஆம் ஆண்டு நவம்பரில், தொப்பியை ஒத்த 13 பக்க உருவமொன்றை அமைத்தார். அது பொருந்திக்கொண்டே சென்றது. ஆயினும் கோலம் மீளக் காணோம். மட்டையிற் பல படிகள் வெட்டி, கையாலும் அடுக்கிப் பார்த்தார். ஐயம் வலுத்தது. கனடாவிலுள்ள கணினியியற் பேராசிரியர் கிறெய்க் கப்லனுக்கு எழுதினார்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது இதுவே. கணினி ஆயிரம் ஓடுகளை அடுக்கிக் காட்டலாம். அதற்கப்பாலும் கோலம் மீளாது என்பதற்கு அது சான்றாகாது. காண்பது வேறு, நிறுவுவது வேறு. ஆகவே அவ்விருவரும் மேலும் இரு அறிஞரைத் துணைகொண்டு உழைத்து, 2023 மார்ச்சில் நிறுவலை வெளியிட்டனர். அந்த ஓட்டை இடையிடையே புரட்டிப் போட வேண்டியிருந்தமையால், “இஃது ஒன்றா, இரண்டா?” என வினவியோருமுளர். மே மாதத்திலேயே, புரட்ட வேண்டாத வேறோர் ஓட்டையும் அந்நால்வர் அளித்தனர்.

விடுமுறையில் நீங்களும் முயலலாம். ஒழுங்கான அறுகோணங்களை அடுத்தடுத்து வரைந்து, ஒவ்வொன்றின் மையத்தையும் பக்கங்களின் நடுப்புள்ளிகளோடு இணைத்தால், அறுகோணம் ஒவ்வொன்றும் ஆறு பட்ட வடிவங்களாகப் பிரியும். அத்தகைய எட்டுப் பட்டங்கள் சேர்ந்ததே அத்தொப்பி. கணினியில் அதன் படத்தைக் கண்டு, மட்டையில் இருபது வெட்டி அடுக்குக. பொருந்தாத இடத்தில் நின்று, ஏன் பொருந்தவில்லை என்று ஒரு தாளில் எழுதுக. கணிதம் அங்கேதான் தொடங்குகின்றது.