பந்தியில் தெரியும் விடுதலை

புதிய ஏற்பாட்டைத் தொடர்ந்து வாசிப்போர் ஒரு முரணைக் கடந்தே ஆக வேண்டும். கிரேக்கரான தீத்துவுக்கு எருசலேமில்கூட விருத்தசேதனம் கட்டாயமாக்கப்படவில்லை என்பதைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அழுத்திச் சொல்கிறார். அப்போஸ்தலர் நடபடிகளிலோ, அதே பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்விக்கிறார். இது கொள்கைத் தடுமாற்றமா?

நாம் அப்படிக் கருதவில்லை. தீமோத்தேயுவின் தாய் யூதப்பெண், தந்தை கிரேக்கர். அப்பகுதி யூதர்களை முன்னிட்டு அச்சடங்கு நிகழ்ந்தது என்கிறது நூல். தீத்துவின் நிலை வேறு. சடங்கு இல்லாமல் புறஜாதியார் மீட்படைய முடியாது என்று அன்று சிலர் வாதாடினர். மரபாக இருந்த ஒன்று வாயிற்காவலாக மாறியபோதுதான் பவுல் மறுத்து நின்றார்.

அந்தியோகியாவில் நடந்ததும் இதையே காட்டுகிறது. புறஜாதியாருடன் சேர்ந்து உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பர்னபாவும் அவர் வழியே போனார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். கிறிஸ்தவ இறையியலின் ஆகப்பெரிய விவாதங்களுள் ஒன்று வெடித்த இடம் சாப்பாட்டுப் பந்தி என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இந்நிருபத்தை யூத மார்க்கத்தின் மீதான தீர்ப்பாகவே வாசித்த கிறிஸ்தவ மரபு நீண்டது. அவ்வாசிப்பு பவுலுக்கு நியாயம் செய்யவில்லை என்பது நம் எண்ணம். நியாயப்பிரமாணம் முழுவதும் எதில் நிறைவேறுகிறது என்று சொல்ல வரும்போது, அயலானை நேசிக்கும் கட்டளையையே அவர் எடுத்துக்காட்டுகிறார். அது லேவியராகமத்தில் உள்ளது. அதாவது, நியாயப்பிரமாணத்தின் உள்ளிருந்தே எடுத்தது. சுயாதீனம் பெற்றவர்கள் அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்ய வேண்டும் என்கிறார். அங்கு மூலத்திலுள்ள கிரேக்க வினைச்சொல் அடிமையின் உழைப்பைக் குறிப்பது. தன் விருப்பம் போல் வாழ்வதைப் பவுல் விடுதலை என்று அழைக்கவில்லை.

அப்படியானால் இந்த விடுதலை ஆன்மாவுக்கு மட்டும் உரியதா? 1520இல் கிறிஸ்தவனின் விடுதலை பற்றி நூல் எழுதியவர் மார்ட்டின் லூதர். 1525இல் தென்ஜெர்மானிய விவசாயிகள் மெம்மிங்கன் நகரில் பன்னிரண்டு கோரிக்கைகளை வகுத்தனர். கிறிஸ்து எல்லாரையும் மீட்டிருக்க, தாங்கள் பிரபுக்களின் பண்ணையடிமைகளாய் இருப்பது தகாது என்பது அவற்றுள் ஒன்று. கிறிஸ்தவ விடுதலையை உடல் சார்ந்ததாக்குகிறீர்கள் என்று லூதர் அதை நிராகரித்தார். அவர் பக்கமும் ஆதாரம் இல்லாமல் இல்லை. அடிமை முறையை ஒழிக்கும்படி பவுல் எங்கும் கோரவில்லை. என்றாலும், அந்தியோகியாவின் பந்தியை நினைவில் கொண்டால், விவசாயிகளின் வாசிப்பே நிருபத்தின் உயிருக்கு அருகில் நிற்பதாக நமக்குப் படுகிறது.

பேதுருவின் விசுவாசத்தில் அன்று குறையிருந்ததாகப் பவுல் சொல்லவில்லை. அவர் எழுந்து சென்ற இடத்தைத்தான் சுட்டினார். ஒருவர் உள்ளம் விடுதலை பெற்றதா என்பது பிறர் கண்ணுக்குப் புலப்படாது. அவர் யாரோடு உட்கார்ந்து உண்ண மறுக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும்.